லென் லை - அசைவை வரைந்த மனிதர்

என் அக்கா மகள் ஆக்லாந்தில் பன்னிரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் எடுத்திருக்கும் பாடங்களில் ஓவியமும் ஒன்று. இங்கே பள்ளியில் ஓவியப் பாடம் என்றால், டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் மாம்பழம் போட, நாமும் பார்த்து மாம்பழம் போட்டு மஞ்சள் தீட்டிய கதை இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு, சில ஓவியர்களை முன்மாதிரியாக வைத்து, அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று படித்து, அதே உத்திகளில் தானும் செய்து பார்த்து, கடைசியில் இரண்டு பெரிய அட்டைகளில் ஒட்டி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண்.

அவள் சர்ரியலிசத்தை எடுத்திருந்தாள். அக்காவுக்கு இதில் கவலை. அடுத்த ஆண்டு ஓவியத்தை விட்டுவிட்டு இயற்பியலோடு கால்குலசும் எடுக்கச் சொல்ல வேண்டும், நீதான் எம்.இ. படித்தவன், மாமா சொன்னால் கேட்பாள் என்று என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நானும் அந்த வேலையாகத்தான் போனேன்.

அவள் நோட்டைப் புரட்டினேன். நன்றாகவே படித்திருந்தாள். 1924இல் ஆந்த்ரே பிரெதோன் பாரிசில் வெளியிட்ட அறிக்கையில் தொடங்கி, ஆந்த்ரே மஸ்ஸோனின் தானியங்கிக் கோடுகள்: என்ன வரைகிறோம் என்று யோசிக்காமல் கையை ஓடவிட்டு, பிறகு அதில் உருவம் தேடுவது. 1925இல் மாக்ஸ் எர்ன்ஸ்ட் விடுதி அறையின் தேய்ந்த மரத்தரைமேல் காகிதத்தைப் போட்டுப் பென்சிலால் தேய்த்து, மர ரேகைகளில் காடுகளையும் பறவைகளையும் கண்டெடுத்தது. (நாம் எட்டணாக் காசை நோட்டுக்கு அடியில் வைத்துத் தேய்த்தோமே, அதே உத்திதான். நமக்குத் தெரியாமலே சர்ரியலிஸ்டுகளாக இருந்திருக்கிறோம்.) ஈரச் சாயத்தை இரண்டு தாள்களுக்கு இடையே அமுக்கிப் பிரிக்கும் ஆஸ்கர் டோமிங்கெஸ். மெழுகுவத்திப் புகையைத் தாளில் படியவிட்ட வோல்ஃப்காங் பாலென். காமிராவே இல்லாமல் ஒளித்தாளின் மேல் பொருள்களை வைத்து நிழற்படம் எடுத்த மான் ரே. இத்தனை உத்திகளுக்கும் நோக்கம் ஒன்றுதான். திட்டமிடுகிற புத்தியைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டு, நனவிலி மனம் தானே கைக்கு வரும்படி செய்வது.

எல்லாம் சரி, ஆனால் பட்டியலில் ஒருவர்கூட நியூசிலாந்துக்காரர் இல்லையே என்றேன். இந்த ஊரில் யார் இருந்தார்கள் என்று அவள் கேட்டாள். அப்போதுதான் லென் லையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா சொல்லச் சொன்னது மறந்தே போயிற்று.

எனக்கு ஓவியத்தில் பயிற்சி கிடையாது. லென் லை எனக்கு அறிமுகமானது இயந்திரவியல் வழியாக. இந்த நாட்டுக்கு வந்த முதல் கோடையில், ஆக்லாந்திலிருந்து ஐந்து மணிநேரத்துக்கு மேல் காரோட்டி நியூ பிளிமத் போயிருந்தேன். கடற்கரையில் நாற்பது மீட்டருக்கும் அதிக உயரத்தில் சிவப்பாக ஒரு கம்பம். கீழே மட்டும் பிடிப்பு. உச்சியில் ஓர் உருண்டை. காற்றடித்தால் கம்பம் முழுவதும் நாணல்போல வளைந்து ஆடுகிறது. முதுகலையில் அதிர்வியல் படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். இது ஏன் ஒடியவில்லை, யார் கணக்குப் போட்டது, என்ன துணிச்சல் என்று நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பலகையில் லென் லை என்று பெயர் இருந்தது. இறந்து இருபது ஆண்டுகள் கழித்து நிறுத்தப்பட்ட சிற்பம் என்று பிறகு தெரிந்தது.

லெனர்ட் சார்ல்ஸ் ஹூயா லை, 1901 ஜூலை 5 அன்று கிரைஸ்ட்சர்ச்சில் பிறந்தார். ஹூயா என்பது இந்த நாட்டுப் பறவை. அதன் வால் இறகை மாவோரித் தலைவர்கள் தலையில் சூடுவார்கள். அது கடைசியாக உறுதியாகக் காணப்பட்டது 1907இல். பையனுக்கு ஆறு வயதாகும்போது பெயர் தந்த பறவை போய்விட்டது.

தந்தை முடிதிருத்துபவர். லென்னுக்கு மூன்று வயதாகும்போது காசநோயில் இறந்தார். தாய் வீடுகளைச் சுத்தம் செய்து இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தார். பிள்ளைகள் அவ்வப்போது உறவினர் வீடுகளில் தங்க வேண்டியிருந்தது. அந்த மூன்று வயதில் நடந்ததாக லை கடைசிவரை நினைவில் வைத்திருந்த ஒரு சம்பவம் உண்டு. கொல்லையில் கிடந்த காலி மண்ணெண்ணெய் டின்னை ஆத்திரத்தோடு உதைக்கிறார். டின் உருளுகிறது, தகரச் சத்தம், அதன்மேல் வெயில் பட்டுப் பளீரென்று ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். அவருடைய எஃகுச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு, அறுபது வயதிலும் அந்த மனிதர் அதே டின்னைத்தான் உதைத்துக்கொண்டிருந்தார் என்று தோன்றும்.

தாய் மறுமணம் செய்துகொண்டவர் கலங்கரை விளக்கக் காவலர். தென்தீவின் வடகிழக்கு முனையில், கேம்ப்பெல் முனை என்ற இடத்தில் அவர்கள் சில காலம் வாழ்ந்தார்கள். சுற்றிலும் கடல், ஓயாத காற்று, இரவெல்லாம் சுழலும் விளக்கு. ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் வேண்டியதில்லை என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் ஆளே இல்லாத அந்த முனையில் ஒரு குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பள்ளியைச் சீக்கிரமே விட்டு வேலைக்குப் போனவர், வெலிங்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் ஓவியம் கற்றார். பதின்ம வயதில் ஒரு விடியற்காலை, இரவு மழை ஓய்ந்த வானத்தில் மேகங்கள் வேகமாக ஓடுவதைப் பார்க்கிறார். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் மேகங்களின் அசைவைப் பிடிக்கப் படம் படமாக வரைந்தது நினைவுக்கு வருகிறது. அசைவின் தோற்றத்தை வரைவானேன், அசைவையே எடுத்து, இசையமைப்பாளர் சுரங்களைக் கோப்பதுபோல் கோத்துவிட்டால் என்ன என்று அந்த இடத்திலேயே ஒரு கேள்வி பிறக்கிறது. அப்புறம் அறுபது ஆண்டுகள் அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறெதையும் அவர் செய்யவில்லை என்றே சொல்லலாம்.

அருங்காட்சியகங்களுக்குப் போய் மாவோரி, பசிபிக் தீவுச் சிற்பங்களை வரைந்து வரைந்து படித்தார். பிறகு சிட்னி போனார். அங்கே நூலகத்தில் ஃபிராய்டின் குலக்குறியும் விலக்கும் பற்றிய நூலைக் கையாலேயே பிரதி எடுத்தார். புத்தகம் வாங்கக் காசில்லை. எடுத்த பிரதியோடு பழங்குடிக் கலைகளைப் பார்த்துத் தான் வரைந்த படங்களையும் சேர்த்துக்கொண்டார். அந்த நோட்டு இன்றும் இருக்கிறது. பிரெதோன் பாரிசில் ஃபிராய்டைப் படித்துவிட்டு அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், உலகின் இன்னொரு கோடியில் ஒரு கூலிவேலைக்கார இளைஞன் அதே ஊற்றில் தனியாகத் தண்ணீர் மொண்டிருக்கிறான். அக்கா மகள் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தது இந்த இடத்தில்தான்.

1924 வாக்கில் சமோவா போய் ஒரு கிராமத்தில் மக்களோடு மக்களாக வாழ்ந்தார். அப்போது மேற்கு சமோவா நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் உள்ளூர்க்காரர்களோடு இப்படி ஒட்டி வாழ்வது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. வெளியேற்றினார்கள். 1926இல் ஒரு கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்து, அப்படியே லண்டன் போய் இறங்கினார்.

நாமெல்லாம் விசாவும் விமான டிக்கெட்டுமாய் வந்தவர்கள். ஆனாலும் உலகத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போனால்தான் வேலை நடக்கும் என்ற அந்த நம்பிக்கை நமக்கும் தெரிந்ததுதான். ஒரு வேடிக்கை: அவர் எதை ஓரம் என்று விட்டுப் போனாரோ அங்கேதான் நாம் வந்து சேர்ந்திருக்கிறோம்.

லண்டனில் தேம்ஸ் நதியில் ஒரு படகில் குடியிருந்தார். ஹென்றி மூர், பென் நிக்கல்சன், பார்பரா ஹெப்வொர்த் இருந்த ஓவியர் குழு அவரையும் சேர்த்துக்கொண்டது. கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் நண்பரானார். இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து சுமார் 4,400 படங்களை வரைந்து, 'டுசலாவா' என்ற பத்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுப்படத்தை எடுத்தார். பெயர் சமோவா மொழி. 1929 டிசம்பரில் லண்டன் ஃபிலிம் சொசைட்டியில் காட்டப்பட்டது. கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் உயிரணுக்களாய்ப் பெருகி, ஒருபக்கம் குலக்குறிச் சிலைபோல ஓர் உருவம், மறுபக்கம் புழுபோல ஓர் உருவம், ஒன்றை ஒன்று குத்தி விழுங்கி முடிகிறது. அந்தப் புழு ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் படிமங்களிலிருந்து வந்தது.

இங்கே அக்கா மகள் என்னை நிறுத்தினாள். அவர்களிடம் கேட்டுவிட்டு எடுத்தாரா என்றாள். இந்த ஊர்ப் பள்ளிகளில் மாவோரி வடிவங்களை யார் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தலாம் என்று பேசிப் பேசிப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி உடனே வந்துவிடுகிறது. கேட்டிருக்க மாட்டார். அந்தக் காலத்தில் பிக்காசோவும் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கேட்டு எடுக்கவில்லை. ஆனால் காலத்தின் மேல் பழிபோட்டுத் தப்பிப்பது எனக்குத் திருப்தியாக இல்லை. ஐரோப்பியக் கலையைவிட அவை மேலானவை என்று மனதார நம்பி, அவற்றின் முன் மாணவனாக உட்கார்ந்தவர் லை. அதே சமயம், அவற்றை மனிதனின் ஆதி மூளையின் குரல் என்று பொதுவாக்கி, செய்த மக்களின் வரலாற்றையும் பெயரையும் கழற்றிவிட்டவரும் அவர்தான். இரண்டும் உண்மை. இரண்டையும் அட்டையில் எழுது என்றேன். இடம் போதாது என்றாள்.

அடுத்ததுதான் லையின் பெரிய கண்டுபிடிப்பு. வறுமை கற்றுக்கொடுத்த வித்தை. காமிரா வைத்துப் படம் எடுக்கப் பணம் இல்லை. ஸ்டூடியோவில் கழித்துப்போட்ட ஃபிலிம் துண்டுகளை வாங்கி வந்து, அதன்மேல் நேரடியாகச் சாயத்தால் வரைந்தார். பிரிட்டிஷ் அஞ்சல் துறைக்கு அப்போது ஜான் கிரியர்சன் தலைமையில் ஒரு திரைப்படப் பிரிவு இருந்தது. அவர் இதைப் பார்த்துவிட்டுச் செலவுக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, கடைசியில் பார்சல் கட்டணக் குறைப்புக்கு விளம்பரம் வர வேண்டும். 1935இல் 'எ கலர் பாக்ஸ்' வந்தது. கியூபா நடன இசைக்குக் கோடுகளும் புள்ளிகளும் அலைகளும் துள்ளி ஆட, முடிவில் பார்சல் கட்டண விவரம் அதே ஆட்டத்தோடு வருகிறது. சாதாரணத் திரையரங்குகளில் மக்கள் பார்த்தார்கள். பிரசல்ஸ் விழாவில் எந்தப் பிரிவிலும் அடங்காததால் புதிதாக ஒரு பிரிவு உண்டாக்கிப் பரிசு கொடுத்தார்கள். நார்மன் மக்லாரன் பிறகு கனடாவில் செய்த அற்புதங்களுக்கெல்லாம் விதை இங்கே விழுந்ததுதான்.

இதில் உள்ள உழைப்பைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு சட்டம் 19 மி.மீ. உயரம். நொடிக்கு 24 சட்டம். ஒரு நிமிடத்துக்கு 1,440 சட்டங்கள், ஏறத்தாழ 27 மீட்டர். அந்த நீளத்தில் சட்டம் பிரிக்காமல் நெடுக ஒரு கோடு இழுத்தால் அது திரையில் நடுங்கிக்கொண்டே நிற்கும். அந்த நடுக்கம் திட்டமிட்டு வருவதல்ல. கை எங்கே தயங்கியது, எங்கே ஓடியது என்பதெல்லாம் அப்படியே திரைக்கு வந்துவிடும். மஸ்ஸோன் தாளில் செய்ததற்குக் காலம் என்ற ஒரு பரிமாணத்தைக் கூட்டியதுபோல. நம் கோலத்தில் கை தயங்கினாலும் அடுத்த புள்ளி வழி சொல்லிவிடும். இங்கே புள்ளியே கிடையாது.

அடுத்த படம் 'ரெயின்போ டான்ஸ்', 1936. வண்ணத்தை மூன்று கறுப்பு வெள்ளைப் பிரதிகளாகப் பிரித்துச் சேர்க்கும் காஸ்பர்கலர் முறையில், அந்த மூன்றையும் தனித்தனியாகக் கலைத்துப் போட்டு விளையாடினார். போட்டோஷாப்பில் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் இன்றைய பிள்ளைகளுக்கு உடனே புரியும். லை அதை மென்பொருள் இல்லாமல், இரசாயனத்தில் செய்தார்.

அதே 1936இல் லண்டனில் சர்வதேச சர்ரியலிசக் கண்காட்சி நடந்தது. லையின் படைப்புகளும் வைக்கப்பட்டன. அந்தக் கண்காட்சியில்தான் சால்வதோர் டாலி ஆழ்கடல் முக்குளிப்பவரின் உடையில் சொற்பொழிவாற்ற வந்து, தலைக்கவசத்துக்குள் மூச்சு முட்டிச் சாகப் பார்த்தார். டாலியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடலாம். லை அந்தக் கூட்டத்தோடு நின்றாரே தவிர அதன் சந்தாதாரராக ஆகவில்லை. பிரெதோனின் கட்சி ஒழுங்கு அவருக்கு ஒத்துவராத விஷயம். கனவை நுணுக்கமாகப் பிரதி எடுத்து வரையும் டாலியின் வழியைவிட, உடம்பின் அசைவிலிருந்து உருவம் எடுக்கும் வழிதான் அவருக்கு நெருக்கம். என் சொந்த அபிப்பிராயத்தில் இந்த இரண்டாவது வழிதான் சர்ரியலிசத்தில் இன்னும் உயிரோடு இருப்பது.

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசுக்குப் பிரசாரப் படங்கள் எடுத்தார். 1944இல் நியூயார்க் போனார். முதல் மணம் முறிந்தது, 1948இல் ஆன் என்பவரை மணந்தார். அமெரிக்கக் குடிமகனும் ஆனார். 1947இல் அவர் செய்த நிழற்பட வரிசை தனி அழகு. ஒளித்தாளின் அருகே ஆளை வைத்து, முகத்தின் பக்கவாட்டு நிழலை மட்டும் பதித்து, அவரவருக்குப் பொருத்தமானதைச் சேர்த்தார். ஜார்ஜியா ஓ'கீஃபின் நிழலோடு மான்கொம்பு. மிரோ, லெ கொர்புசியே, கவிஞர் ஆடன் என்று பலர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் படம் எடுக்கப் பணம் தருவார் யாரும் இல்லை. 1957இல் கிரைஸ்லர் தொழிற்சாலையில் கார் பூட்டும் காட்சிகளை வெட்டித் தாளத்தோடு ஒட்டி, 'ரிதம்' என்ற ஒரு நிமிட விளம்பரம் செய்தார். விளம்பரப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. பிறகு, நிறுவனம் அதை ஒளிபரப்பவே இல்லை என்று காரணம் சொல்லிப் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்! அடுத்த ஆண்டு, அவருடைய உச்சம் என்று பலரும் சொல்லும் 'ஃபிரீ ராடிகல்ஸ்'. இம்முறை சாயம் வாங்கும் செலவுகூடக் கிடையாது. கறுப்பான பதினாறு மில்லிமீட்டர் ஃபிலிமை அம்புமுனை, பல் டாக்டரின் ஊசி, ஆணி இவற்றால் கீறினார். ஒரு சட்டத்தின் உயரம் ஏழரை மில்லிமீட்டர். ஆப்பிரிக்க முரசுக்கு இருட்டில் வெள்ளைக் கீறல்கள் முறுக்கிச் சுழன்று ஆடுகின்றன, அவ்வளவே படம். 1958இல் பிரசல்ஸ் சோதனைப்படப் போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு வந்ததே தவிர ஆதரவு வரவில்லை. லை சினிமா எடுப்பதில்லை என்று வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டார். அமெரிக்கா அந்தப் படத்தைத் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது 2008இல்.

ஐம்பத்தேழு வயதில் ஒருவர் துறை மாறுகிறார். எஃகுத் தகடுகளும் கம்பிகளும் மோட்டார்களுமாக அசையும் சிற்பங்கள். 'பிளேட்' என்று ஒன்று: நெட்டுக்குத்தாக நிற்கும் எஃகுத் தகட்டின் அடியைப் பிடித்து மோட்டார் ஆட்டுகிறது. மெதுவாக ஆட்டினால் தகடு முழுதாகச் சாய்ந்தாடும். வேகம் கூட்டினால் ஒரு கட்டத்தில் பாம்புபோல எஸ் வடிவம் எடுக்கும், முன்னால் இருக்கும் தக்கை உருண்டையில் மோதி ஒலிக்கும். அடியில் மட்டும் பிடித்த தகட்டின் இரண்டாம் இயல் அதிர்வெண் முதலாவதைப்போல் சுமார் 6.27 மடங்கு, மூன்றாவது 17.5 மடங்கு. இந்த எண்களை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். விடைத்தாளில் எழுதிவிட்டு மறந்தேன். முறையான பொறியியல் படிப்பே இல்லாத மனிதர் ரம்பத்தகட்டை ஆட்டிப் பார்த்து, காதாலும் உடம்பாலும் அந்த இடங்களைக் கண்டுபிடித்திருக்கிறார். நான் படித்த பாடம் இப்படி ஆடும் என்று எனக்குத் தெரியாமலே பட்டம் வாங்கிவிட்டேன் என்பதை அன்று சாப்பாட்டு மேசையில் ஒப்புக்கொண்டேன். அக்கா முறைத்தார்.

லை நினைத்த அளவில் சிற்பங்களைச் செய்ய அன்று பணமும் இல்லை, போதிய தொழில்நுட்பமும் இல்லை. அதனால் பல சிற்பங்கள் சிறிய மாதிரிகளாகவும் வரைபடங்களாகவும் நின்றன. எதிர்காலத்தில் யாராவது கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார். 1968இல் பல பத்தாண்டுகளுக்குப் பின் நியூசிலாந்து வந்து பார்த்தார். எழுபதுகளில் நியூ பிளிமத்தின் பொறியாளர் ஜான் மாத்யூஸ் துணை நின்றார். 1977இல் அவ்வூர்க் கோவெட்-புரூஸ்டர் கலைக்கூடத்தில் பெரிய எஃகுத் தகடுகள் இடிபோல முழங்கி ஆடின. தன் படைப்புகளையும் வரைபடங்களையும் பிறந்த நாட்டுக்கே எழுதி வைத்தார். 1980 மே 15 அன்று இறந்தார். அதே ஆண்டு ஆக்லாந்துக் கலைக்கூடம் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது.

கடைசி மாதங்களில் அவருக்கு உதவியாளராக இருந்த ஆக்லாந்துப் பேராசிரியர் ரோஜர் ஹாரக்ஸ் 2001இல் விரிவான வாழ்க்கை வரலாறு எழுதினார். 2012இல் ஆக்லாந்தில் அவர் கதை ஓபராவாகவும் அரங்கேறியது. 2015இல் நியூ பிளிமத்தில் அவருக்கென்றே ஒரு கலைக்கூடம் திறந்தார்கள். வெளிச்சுவர் முழுவதும் அலையலையாக மடித்த துருப்பிடிக்கா எஃகு. வெயிலில் நிற்க முடியாது, கண் கூசும்.

விடுமுறையில் அவளை அங்கே அழைத்துப் போனேன். அக்காவும் வந்தார். தகடுகள் ஆடி முடித்ததும் அக்கா எதுவும் பேசவில்லை. வரும் வழியில் மெஸஞ்சர் மலை ஏறும்போது, இந்த அதிர்வு விவகாரம் இயற்பியலில் வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். ஓவியத்தை விடுவதைப் பற்றி அப்புறம் பேச்சு எழவில்லை. தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, பாடத் தேர்வுப் படிவம் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கீறிப் பார்க்கக் கறுப்பு ஃபிலிம் வேண்டும் என்றாள். இந்தக் காலத்தில் எங்கே போவது? ஊரிலிருந்து வந்தபோது பெட்டியில் மருத்துவ ஃபைலோடு அம்மா கொண்டுவந்த பழைய எக்ஸ்ரே ஒன்று இருந்தது, அவருடைய வலது முழங்கால். டாக்டர் கேட்டால் என்ன பண்ணுவது என்று அம்மா கடைசிவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அதைச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸின் முனையால் எலும்பின் ஓரத்திலிருந்து மெதுவாக ஒரு கோட்டைக் கீற ஆரம்பித்தாள். கீறிய இடத்தில் வெளியிலிருந்து வெளிச்சம் வந்தது.